விழியாற் பேசிய சுலோசனா

என் பாட்டனார் மூக்குக்கண்ணாடியைச் சுலோசனம் என்றே சொல்லுவார். இக்காலப் பிள்ளைகள் அச்சொல்லைக் கேட்டறியார். சு என்பது நன்மை குறிக்கும் வடமொழி முன்னொட்டு. லோசனம் என்பது கண். நல்ல கண், அழகிய கண் என்பது பொருள். பார்வை மங்கியவர்க்கு நற்கண்ணாய் நின்று உதவுதலின் கண்ணாடிக்கும் அது பெயராயிற்று. அண்மையில், சொற்கள் பொருள் பெயரும் வகையை வகுப்பிலே விளக்கியபோது இதனை எடுத்துக்காட்டாகக் கூறினேன். பின் வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் கொல்லெனச் சிரித்தான். காரணம் கேட்டேன். தன் அப்பம்மாவின் பெயர் சுலோசனா என்றும், அவர் கண்ணாடி இன்றி ஓரெழுத்தும் வாசிக்கமாட்டார் என்றும் சொன்னான். வகுப்பு முழுவதும் சிரித்தது, நானும் சிரித்தேன். ஆயின் வீடு திரும்பும் வழியெல்லாம் என் நெஞ்சில் நின்றவர் வேறொரு சுலோசனா. என் பாட்டனார் ஊமைப் படங்களிலே கண்டு வியந்த சுலோசனா.

பாட்டனார் இளவயதிலே யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதிக்கு அண்மையில் ஒரு கடையிற் கணக்கெழுதியவர். கடையை அடைத்தபின், சனிக்கிழமை இரவுகளில் இரண்டொரு நண்பரோடு மருதானைக்கு நடந்து செல்வாராம். கல்கத்தா மதன் கம்பெனியார் எழுப்பிய எல்பின்ஸ்டன் படமாளிகை அங்கே இருந்தது. திரையில் உருவங்கள் ஓசையின்றி ஆடும். திரைக்குக் கீழே ஆர்மோனியமும் தபேலாவும் ஒலிக்கும். இடையிடையே எழுத்துப் பலகை தோன்றும். எழுத்தறிந்த ஒருவர் அதனை உரக்க வாசித்துப் பொருள் சொல்ல, மற்றையோர் கேட்டுக் கொள்வர். சுலோசனாவின் படம் ஓடும்போது மட்டும் வாசிப்பவரைப் பேசாதிருக்கும்படி சபையினர் அதட்டுவார்கள் என்று பாட்டனார் சொல்லுவார். அவர் சற்றே கூட்டிச் சொல்லும் சுபாவம் உடையவர். எனினும் இதனை நான் நம்புகிறேன்.

அந்தச் சுலோசனா யார்? பெயரைக் கேட்டோர் அவரை மராத்தியப் பெண் என்றோ குஜராத்தியப் பெண் என்றோ எண்ணுவர். அவர் ஒரு யூதப் பெண்மணி. ரூபி மேயர்ஸ் என்பது இயற்பெயர். ஈராக்கு நாட்டிலிருந்து வணிகத்தின் பொருட்டு இந்தியாவிற் குடியேறிய பாக்தாத் யூதர் மரபில், பூனா நகரிலே 1907ஆம் ஆண்டு பிறந்தவர்.

யூதப் பெண் ஒருவர் இந்தியப் படங்களிலே கதாநாயகியாக வந்தது எவ்வாறு என்று வாசகர் வினவலாம். தாதாசாகிப் பால்கே 1913இல் அரிச்சந்திரன் கதையைப் படமாக்கியபோது சந்திரமதியாக நடிக்க ஒரு பெண்ணும் கிடைக்கவில்லை. முடிவில் உணவுச்சாலை ஒன்றிற் பணி செய்த சாளுங்கே என்ற ஆடவரே புடைவை உடுத்து நடித்தார். குலப் பெண்கள் நடிப்பதை ஊர் பொறுக்காத காலம் அது. ஆதலின் ஆங்கிலோ-இந்தியப் பெண்களும் யூதப் பெண்களுமே முதலில் முன்வந்தனர். பேஷன்ஸ் கூப்பர் என்பார் தம் பெயருடனேயே புகழ் பெற்றார். ரெனே ஸ்மித் என்பார் சீதாதேவி ஆனார். ரூபி மேயர்ஸ் சுலோசனா ஆனார். அப்பெயரை அவருக்குத் தேர்ந்தவர் எவராயினும் ஆகுக. பெயர் வைக்கத் தெரிந்தவர் என்பதில் ஐயமில்லை.

ரூபி மேயர்ஸ் முதலிற் செய்த தொழில் தொலைபேசி இணைப்பாளர் வேலை. அக்காலத்தில் ஒருவரோடு ஒருவர் தொலைபேசியிற் பேச வேண்டின், நடுவே ஒரு பெண் இருந்து இணைப்புக் கொடுக்க வேண்டும். அவள் குரலை ஊரெல்லாம் கேட்கும். முகத்தை ஒருவரும் காணார். அவ்வாறு குரலால் மட்டும் அறியப்பட்ட பெண்ணைக் கோகினூர் படக் கம்பெனியைச் சேர்ந்த மோகன் பவனானி கண்டு, நடிக்க வருமாறு அழைத்தார். நடிப்பு மதிப்புக்குரிய தொழிலன்று என்று அவர் முதலில் மறுத்துவிட்டார். பவனானி விடவில்லை. ஈற்றில் இசைந்தார். நடிப்பிற் பயிற்சி ஒரு சிறிதும் இல்லை. 1925இல் வெளியான வீரபாலா என்ற படத்தோடு அவர் திரைவாழ்வு தொடங்கியது. குரல் மட்டுமாக இருந்தவர் முகம் மட்டுமானார்.

அவருடைய தொடக்ககாலப் படங்களின் பெயர்களே ஒரு கதை சொல்லும். 1926இல் டெலிபோன் கேர்ள் என்றொரு படம். தாம் விட்டுவந்த தொழிலையே திரையிற் செய்து காட்டினார். அதே ஆண்டில் டைப்பிஸ்ட் கேர்ள் என்றொரு படம். சந்துலால் ஷா அதனைப் பதினேழே நாளில் எடுத்து முடித்தார் என்பது திரைப்பட வரலாற்றிற் பலரும் எடுத்துரைக்கும் செய்தி. புராணத்து மாதரசிகளையே கண்டுவந்த மக்கள், கந்தோரில் வேலை செய்யும் பெண்ணைத் திரையிலே கண்டனர். 1927இல் வந்தது பம்பாயின் காட்டுப்பூனை என்று பொருள்படும் ஆங்கிலப் பெயருடைய படம். அதில் அவர் ஏற்றவை எட்டு வேடங்கள்! தோட்டக்காரர், பொலிஸ்காரர், ஐதராபாத்துக் கனவான், தெருவிலே திரியும் சிறுவன், பொன்னிறக் கூந்தல் ஐரோப்பிய மாது, வாழைப்பழம் விற்கும் கிழவி என்று வடிவுக்கு வடிவு மாறி வந்தார். தமிழ்ப் படங்களிலே ஒன்பது வேடம், பத்து வேடம் என்று பிற்காலத்தில் ஆரவாரித்தோமே, அதற்கெல்லாம் பல பத்தாண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது இது. செய்தவரோ இருபதே வயதினரான ஒரு பெண்.

பின்னர் அவர் அர்தேஷிர் இரானி என்ற பார்சிக் கனவானின் இம்பீரியல் படக் கம்பெனியிற் சேர்ந்தார். 1928, 1929 ஆகிய இரண்டாண்டுகளில் ஆர். எஸ். சௌத்ரியின் இயக்கத்தில் மாதுரி, அனார்கலி, இந்திரா பி.ஏ. என்ற மூன்று படங்கள் வெளிவந்தன. இவையே அவர் புகழின் கொடுமுடி. அனார்கலியின் கதை, லாகூரைச் சேர்ந்த இம்தியாஸ் அலி தாஜ் 1922இல் எழுதிய நாடகத்தாற் பரவியது. அதனை வேறொரு கம்பெனியாரும் பெரும் பொருட் செலவில் அதே வேளையிற் படமாக்கிக் கொண்டிருந்தனர். இம்பீரியலார் முந்திக்கொண்டு தம் படத்தை வெளியிட்டனர். மக்கள் சுலோசனாவையே அனார்கலியாக ஏற்றனர்.

ஈண்டு நடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல எனக்கும் சிறிது உரிமை உண்டு. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே வகுத்தார். உள்ளத்தின் நிகழ்ச்சி உடம்பின் வழியாகப் புறத்தே தோன்றுவது மெய்ப்பாடு. அவ்வியலை நடத்துந்தோறும், சொல் இன்றியே பொருள் விளங்குமாயின் சொல்லுக்கு என்ன வேலை என்று ஒரு மாணவனாவது வினவுவான். ஊமைப் படம் சொல்லை முழுவதும் நீக்கிவிட்டு மெய்ப்பாட்டை மட்டும் நம்பிய கலை. அதில் ஒரு பெரு நன்மை உண்டு. பம்பாயில் எடுத்த படத்தைச் சென்னையிலும் இரங்கூனிலும் கொழும்பிலும் காட்டலாம். எழுத்துப் பலகையை மட்டும் மாற்றினாற் போதும். கொட்டாஞ்சேனைக் கடையிற் கணக்கெழுதிய தமிழரும், மருதானைச் சிங்களவரும், மலாய்க்காரரும் ஒரே இருட்டில் அருகருகே இருந்து ஒரே கண்ணீரைச் சிந்தினர். அந்தக் கண்ணீருக்கு மொழி கிடையாது.

அவருடைய செல்வாக்கு எத்தன்மையது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். காந்தியடிகள் கதர்க் கண்காட்சி ஒன்றைத் திறந்துவைத்ததைக் காட்டும் சிறுபடம் ஒன்று திரையிடப்பட்டது. அதனோடு, மாதுரியில் சுலோசனா ஆடிய நடனத்துக்கு ஒலி சேர்த்து உடன் காட்டினார்கள். மகாத்மாவுக்குத் துணையாக ஒரு நடிகையின் நடனம்! அடிகள் இதனை அறிந்தாரோ அறியாரோ. காசு வசூலிப்பவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். அவர் பெற்ற சம்பளம் மாதம் 5000 ரூபாய் வரை உயர்ந்தது. பம்பாய்க் கவர்னரின் சம்பளத்தினும் அது மிகுதி என்று ஊரிலே பேசிக்கொண்டனர். பாட்டனாரின் மாதச் சம்பளம் அக்காலத்தில் நாற்பது ரூபாய். அவர் இதனைப் பொறாமையின்றிச் சொல்லுவார்.

1931 மார்ச்சு 14. பம்பாய் மெஜஸ்டிக் படமாளிகையில் ஆலம் ஆரா வெளியாயிற்று. இந்தியாவின் முதற் பேசும் படம் அது. எடுத்தவர் வேறு யாருமல்லர். சுலோசனாவின் முதலாளியாகிய அர்தேஷிர் இரானியே. படப்பிடிப்பு நிலையத்துக்கு அருகே புகைவண்டிப் பாதை சென்றமையால், வண்டிகள் ஓயும் நள்ளிரவுக்குப் பின்னரே ஒலிப்பதிவு செய்தார்கள். அவ்விரவுகளில் ஒலிவாங்கியின் முன்னே கதாநாயகியாக நின்றவர் சுலோசனா அல்லர், சுபைதா. இந்துஸ்தானி பேசத் தெரிந்தவர் அவர். கதாநாயகர் மாஸ்டர் விட்டலுக்கும் அம்மொழி செவ்வையாக வராது. ஆதலால் அவருடைய பாத்திரத்தை மயக்கத்தில் ஆழ்ந்திருப்பதாக ஆக்கிப் பேச்சைக் குறைத்துவிட்டார்கள். ஆடவருக்கு அப்படி ஒரு வழி கண்டார்கள்.

அதே ஆண்டு, அதே இம்பீரியல் கம்பெனியிலேதான் நமது காளிதாஸ் உருவாயிற்று. தமிழும் தெலுங்கும் கலந்து பேசிய அப்படம் 1931 அக்டோபர் 31இல் சென்னையில் வெளியாயிற்று. அதன் நாயகி டி. பி. ராஜலட்சுமி அம்மையார். அவரும் ஊமைப் படங்களில் நடித்தவரே. ஆயினும் அதற்கு முன்னரே நாடக மேடையிற் பாடிப் பேசிப் பழகிய நா அவருடையது. ஒலி வந்தபோது அவர் ஒரு படி ஏறினார். அதே கூரையின் கீழ் இருந்த சுலோசனாவுக்குக் காலின் கீழ்ப் படி சரிந்தது.

ஆங்கிலத்தில் இணைப்புக் கொடுத்த அந்தப் பழைய தொலைபேசிப் பெண்ணின் குரலிற் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் அவருக்கு இந்துஸ்தானி பேச வராது. அது தமிழரைப் போன்ற பிறமொழியாளர்க்கு எளிதாக நாவிற்கு வசப்படும் மொழியன்று. நாம் ஒரு ககரத்தோடு அமைவோம். அவர்கள் நான்கு ககரமும், அதற்கு மேலாகத் தொண்டையின் அடியிற் பிறக்கும் பாரசீக அரபு ஒலிகளும் உடையவர்கள். மொகலாய இளவரசனின் காதலி வாய்தவறி ஓர் ஒலியைப் பிழைத்தால், காலணா வகுப்பிலே இருப்பவனும் நகைத்துவிடுவான். ஆறாண்டு காலம் நாடு முழுவதையும் ஆண்ட பெண்ணை நோக்கி, உனக்கு மொழி தெரியுமா என்ற வினா எழுந்தது.

இவ்விடத்தில் என் தந்தையாரைப் பற்றிச் சொல்லாமல் மேற்செல்ல என்னால் இயலவில்லை. அவர் 1951இல் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் இலிகிதராகச் சேர்ந்தவர். ஆங்கிலத்திற் சோதனை எழுதிச் சித்தியெய்தி, ஆங்கிலத்தில் வேலை செய்தவர். அவர் எழுதும் கடிதத்தில் ஓர் எழுத்தும் மாற்ற வேண்டியிராது என்று மேலதிகாரிகள் மெச்சியதுண்டாம். 1956இல் சிங்களம் மட்டுமே அரச கருமமொழி என்ற சட்டம் வந்தது. பழைய உத்தியோகத்தர் குறித்த காலத்துக்குள் சிங்களச் சோதனையிற் சித்தியடைய வேண்டும் என்றார்கள். தவறினாற் சம்பள ஏற்றம் நிற்கும். வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன் விறாந்தையில், சுலோசனத்தை மாட்டிக்கொண்டு, முதலாம் வகுப்புப் பிள்ளை போலச் சிங்கள அரிச்சுவடியை அவர் எழுதிப் பழகியதை அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். அம்மொழி மீது அவருக்கு வெறுப்பு இல்லை. அதன் எழுத்துக்களின் வளைவை அழகென்றே சொல்லுவார். முதற் சோதனையிற் சித்தியெய்தினார். இரண்டாம் சோதனையில் இரு முறை தவறினார். தம்மினும் பத்து வயது இளையவர்கள் தமக்கு மேலே செல்வதைக் கண்டு, உத்தியோகத்தை விட்டு, தம் தகப்பனார் கணக்கெழுதிய அதே கொட்டாஞ்சேனைக்குக் கணக்கெழுதப் போனார். இளைய வயதிற் கற்பது வேறு. சோறு போட்டுக்கொண்டிருந்த கைத்திறனைப் பாதி வழியில் இறக்கி வைத்துவிட்டுக் கற்பது வேறு. சுலோசனாவின் கதையைப் பாட்டனார் நடிகையின் கதையாகச் சொன்னார். தந்தையார் அதனை இலிகிதரின் கதையாகவே கேட்டார் என எண்ணுகிறேன்.

சுலோசனா என்ன செய்தார்? நடிப்பதை ஓராண்டு நிறுத்திவிட்டு மொழி கற்றார். செல்வமும் புகழும் உடைய இருபத்து நான்கு வயதுப் பெண், நாடெங்கும் தம் முகத்தை அறிந்த காலத்திலே, மாணவியாகி அமர்ந்தார். இதனை நான் மிகப் பெரிய செயலாகக் கருதுகிறேன். அவருடைய எட்டு வேடங்களினும் இந்த ஒன்பதாவது வேடத்துக்கே என் வணக்கம்.

1932இல், மாதுரி பேசும் படமாக வந்தது. சுலோசனா பேசினார். மக்கள் வரவேற்றனர். அதன்பின் தம் பழைய வெற்றிகளையே ஒவ்வொன்றாக எடுத்து அவற்றுக்கு வாய் கொடுத்தார். ஊமைப் படத்தில் இந்திரா பி.ஏ. ஆக இருந்தவள் 1934இல் இந்திரா எம்.ஏ. ஆனாள்; ஐந்தாண்டில் ஒரு பட்டம் ஏறியது நியாயமே! 1935இல் அனார்கலி மீண்டும் வந்தாள். 1936இல் காட்டுப்பூனை பம்பாய் கீ பில்லி என்ற பெயரோடு பேசியது. மாதம் 5000 ரூபாய்ச் சம்பளமும் புத்தம் புதிய செவர்லே மோட்டார் வண்டியும் மீண்டும் பேசப்பட்டன. ரூபி பிக்ஸ் என்று சொந்தமாக ஒரு படநிலையமும் கண்டார். வெளியிலிருந்து பார்த்தவர்க்கு அரியணை அசையாதது போலவே தோன்றியிருக்கும்.

எனினும் அந்த வரிசையை மறுமுறை பாருங்கள். மாதுரி, இந்திரா, அனார்கலி, பூனை: எல்லாம் முன்னம் வென்றவை. இருபத்தொரு வயதிற் செய்ததை இருபத்தெட்டு வயதில் ஒலியோடு திருப்பிச் செய்தார். புதிய காலத்துக்கென்று ஒரு புதிய சுலோசனாவை எவரும் எழுதவில்லை. மொழி தெரியுமா என்ற வினாவுக்கு அவர் விடை சொல்லி முடிக்குமுன் அடுத்த வினா எழுந்துவிட்டது: பாட வருமா? தொடக்ககாலப் பேசும் படங்களிலே நடிப்பவரே பாட வேண்டும். பின்னணிப் பாடல் முறை 1935இல்தான் தலைகாட்டியது. அது நிலைபெற மேலும் சில ஆண்டுகள் ஆயின. இசைக் குடும்பங்களிலிருந்தும் நாடக மேடைகளிலிருந்தும் பாட வல்ல பெண்கள் வந்து நிறைந்தனர். கண்ணால் நடித்தவரினும் கண்டத்தால் நடித்தவர்க்கே காலம் வாய்ப்பாயிற்று.

1933 முதல் 1939 வரை அவர் டி. பில்லிமோரியா என்ற நாயகரோடே இணைந்து நடித்தார். திரையிலே கண்ட காதல் வாழ்விலும் இருந்தது என்பர். அவ்விணை பிரிந்தது, பிரிந்தபின் இருவருக்கும் திரையில் இடமில்லாது போயிற்று. பிறர் இல்லற வாழ்வைத் துருவுதல் எனக்கு உடன்பாடன்று. ஆகவே இதனோடு விடுகிறேன். இம்பீரியல் கம்பெனியும் 1938இல் மூடப்பட்டது. அவரை வளர்த்த கூடாரமே கலைந்தபோது அவருக்கு வயது முப்பத்தொன்று.

அதன்பின் நாற்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்தார். இதுவே இவ்வரலாற்றில் என்னை மிக வருத்தும் பகுதி. உச்சத்தில் இருக்கும்போதே மறைந்தவர்களை மக்கள் பாடிக்கொண்டிருப்பார்கள். இறங்கி வந்து நம்மோடு வரிசையில் நிற்பவர்களை நாம் பார்ப்பதே இல்லை. சிறு பாத்திரங்களுக்காக அவர் மீண்டும் வந்தார். 1947இல் திலீப்குமாரும் நூர்ஜகானும் நடித்த ஜுக்னு என்ற படத்தில், முதிய பேராசிரியர் ஒருவர் சுலோசனா ஏற்ற பாத்திரத்தின்மேல் மனம் வைப்பதாகக் காட்டினர். அதனை ஒழுக்கக் கேடென்று கொண்டு பம்பாய் அரசினர் படத்தையே தடை செய்தனர் என்பர். நாற்பது வயதுப் பெண்ணை ஒருவர் விரும்புவது அத்துணைக் குற்றமாயிற்று!

1953இல் மீண்டும் ஓர் அனார்கலி வந்தது. பீனா ராய் நாயகி. பிரதீப்குமார் இளவரசர் சலீம். சி. இராமச்சந்திராவின் இசையில் அமைந்த பாடல்களை இலங்கை வானொலியின் இந்தி ஒலிபரப்பு உபகண்டம் எங்கும் கொண்டு சென்றது. கொழும்பில் அப்படம் ஓடியபோது என் தந்தையார் பாட்டனாரை அழைத்துச் சென்றார். தந்தையார் பாடல்களுக்காகப் போனவர். படம் நடுவழி சென்றபோது பாட்டனார் அவர் கையைப் பற்றி அழுத்தினாராம். திரையிலே சலீமின் தாயாக, அக்பரின் பட்டத்தரசியாக நின்ற மாது சுலோசனா. 1928இலும் 1935இலும் அனார்கலியாகவே வந்தவர், இப்போது அனார்கலியைக் காதலித்த மைந்தனுக்குத் தாய். தந்தையாருக்கு அவரைத் தெரியாது. சபையிலும் பெரும்பாலோர்க்குத் தெரிந்திராது. பாட்டனார் கண்களைக் கொண்டு அடையாளம் கண்டார். படம் முடிந்து திரும்பும்போது ஒன்றும் பேசாமல் நடந்து வந்தார் என்று தந்தையார் சொன்னதுண்டு.

மொழியும் திரையும் பற்றிப் பேசும்போது கொழும்பில் வாழும் நாம் இன்னொருவரையும் நினையாதிருத்தல் ஆகாது. சிங்களத் திரையின் முதல் நாயகி ருக்மணி தேவி, டேசி இராசம்மா டானியல்ஸ் என்ற பெயரோடு 1923இல் கொழும்புச் செட்டி வகுப்பிலே பிறந்தவர். 1947இல் வெளியான முதற் சிங்களப் பேசும் படம் கடவுனு பொரொந்துவ, எஸ். எம். நாயகம் என்ற தமிழர் மதுரையிலே அதனைத் தயாரித்தார். சுலோசனாவைத் தள்ளிய குரலும் மொழியுமே ருக்மணியை ஏற்றின. சிங்கள மக்கள் அவரைத் தம் குயிலாகக் கொண்டாடினர்; நாம், இராசம்மா என்ற பெயர் நம் வீட்டுப் பெயர் என்பதையும் மறந்தோம். அவருக்கும் பிற்காலம் இனிதாக அமையவில்லை. திரையில் வாய்ப்புக் குறைந்து, மேடை மேடையாகப் பாடித் திரிந்தார். 1978 அக்டோபர் 28இல், மாத்தறையிற் பாடிவிட்டுத் திரும்பும் வழியில், ஜா-எலைக்கு அருகே மோட்டார் விபத்தில் இறந்தார். அவர் வாழ்வைத் தனியே எழுத வேண்டும், எழுதுவேன்.

சுலோசனாவிடம் மீள்வோம். காலப்போக்கில் அவருடைய பெயரும் அவருக்கு முழுதும் உரியதாக இல்லை. மராத்தி, இந்திப் படங்களிலே தாய் வேடங்களாற் புகழ்பெற்ற சுலோசனா லாட்கர் என்ற மற்றொரு நடிகையே மக்கள் அறிந்த சுலோசனா ஆனார். மூத்தவரை வேறுபடுத்த ரூபி மேயர்ஸ் என்ற பழைய பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. 1973ஆம் ஆண்டுக்குரிய தாதாசாகிப் பால்கே விருதை இந்திய அரசு அவருக்கு வழங்கியது. அவ்விருதைப் பெற்ற ஐந்தாமவர் அவர். சந்திரமதிக்குப் பெண் கிடைக்காது அலைந்த அதே பால்கேயின் பெயரால் அமைந்த விருது! மறு ஆண்டில் இஸ்மாயில் மெர்ச்சன்ட் தம் குறும்படம் ஒன்றில் அவரை நடிக்கச் செய்து பெருமைப்படுத்தினார். விருது மதிப்பைத் தந்தது, அடுப்பை எரிக்கவில்லை. 1978இல் வெளியான கட்டா மீட்டா என்ற படத்திலும், எழுபது வயது கடந்த அவரைச் சிறியதொரு பாத்திரத்திற் காணலாம். ஒரு காலத்திலே செவர்லே வண்டியில் வந்திறங்கிய படநிலைய வாயில்களுக்கு, சில்லறைச் சம்பளத்துக்காக வந்து காத்திருந்தார். 1983 அக்டோபர் 10இல், பம்பாயில் தாம் வாழ்ந்த சிறு வீட்டில், வறுமையும் தனிமையுமாய்க் காலமானார்.

அச்செய்தி எங்கள் வீட்டை எட்டவில்லை. எட்டுவதற்கு வீடும் இல்லை. அவ்வாண்டு ஆடிக் கலவரத்தில் வெள்ளவத்தை வீடு எரிந்தது. நாங்கள் அகதிகளாகக் கப்பலேறி யாழ்ப்பாணம் சென்றிருந்தோம். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. பாட்டனார் அதற்கு நான்காண்டு முன்னரே மறைந்துவிட்டார். அவர் பெட்டியிலே பத்திரப்படுத்தியிருந்த பட நோட்டீசுகள், என் தந்தையாரின் சிங்கள அப்பியாசக் கொப்பிகள், எல்லாம் அவ்வீட்டோடு போயின. பல ஆண்டுகளின் பின், கொழும்புக்கு மீண்டு ஆசிரியப் பணியில் அமர்ந்த காலத்திலேதான் அவர் இறந்த செய்தியை ஒரு பழைய சஞ்சிகையில் வாசித்தேன்.

நோட்டீசுகள் எரிந்ததற்கு வருந்துகிறேன்; படங்களே எரிந்துபோயின. அக்காலப் படச் சுருள் எளிதிலே தீப்பற்றும் நைத்திரேற்றுப் பொருளால் ஆனது. வெப்பத்திலே தானாகவும் சிதையும். அதிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுத்து விற்கவும் சுருள்களை உருக்கினர். இந்தியாவில் எடுக்கப்பட்ட ஊமைப் படங்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை; அவற்றுள் எஞ்சியவை மிகச் சிலவே. எட்டு வேடம் கொண்ட அந்தக் காட்டுப்பூனையை இனி ஒருவரும் பார்க்க இயலாது.

வகுப்பிலே சிரித்த அந்த மாணவனை மறுநாள் அழைத்து இக்கதையைச் சொன்னேன். அவன் இருந்த இடத்திலேயே கைத்தொலைபேசியில் 1953ஆம் ஆண்டு அனார்கலியைத் தேடி எடுத்துத் தந்தான். அன்றிரவு சுலோசனத்தை மாட்டிக்கொண்டு, சலீமின் தாய் வரும் இடங்களை மட்டும் தேடித் தேடிப் பார்த்தேன். எனக்கு இந்தி விளங்காது. சிறிது நேரத்தின்பின் ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன்.